பதில் சொல்கிற உத்தியோகம்

என் மனைவி ஜீவிதா என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்பவர்களுக்கு இதுவரை நான் பல விதமாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். கல்யாணமான புதிதில் 'கம்ப்யூட்டர்' என்றேன். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஆளாளுக்கு ஓடாத டிவி ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்புறம் 'தண்ணீர் மோட்டார் சம்பந்தப்பட்டது' என்றேன். கிணற்றுக்கு நீரோட்டம் பார்த்துச் சொல்வாளா என்று ஒருவர் வெற்றிலை பாக்கோடு வந்தார். கடைசியில் அவளே அலுத்துப்போய், "யாராவது கூப்பிட்டா பதில் சொல்ற வேலைன்னு சொல்லுங்க, போதும்" என்றாள். அதைச் சொல்ல ஆரம்பித்த பிறகு யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

யோசித்துப் பார்த்தால் அவள் பிறந்ததிலிருந்தே அந்த உத்தியோகம்தான். திருப்பருத்திக்குன்றத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து அவள் அப்பா பம்ப்செட்டில் மோட்டாரைப் போட்டுவிட்டு, அங்கிருந்தே "தண்ணி வந்துச்சா?" என்று கத்துவார். கொல்லையின் கடைசி மடையில் நிற்கும் ஜீவிதா "வந்துச்சு" என்றோ "வரல" என்றோ திருப்பிக் கத்த வேண்டும். தும்பி பிடிக்கிற சுவாரசியத்தில் ஒன்றும் கத்தாமல் இருந்துவிட்டால், மனிதர் வரப்பு முழுக்க நடந்து வந்து முதுகில் ஒன்று வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்ப்பார். தண்ணீர் வராததற்கு அவர் அடித்ததில்லை. பதில் வராததற்குத்தான் அடித்தார்.

படித்து முடித்து அவள் சேர்ந்த சென்னைக் கம்பெனிக்கும் தண்ணீர்தான் தொழில். ஊர் ஊராக மேல்நிலைத் தொட்டிகளின் அடியில் சின்னச் சின்னக் கணினிகளை வைத்திருக்கிறார்கள். அவை சென்னையில் இருக்கும் பெரிய கணினியைக் கூப்பிட்டு, 'மோட்டாரைப் போடட்டுமா, நிறுத்தட்டுமா?' என்று கேட்கும். கேட்கிற கணினிக்கு அந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்வது போலத்தான் இருக்கும். ஆனால் வேலை நடப்பது வேறு ஊரில், வேறு கணினியில். ஆகவே கேட்கிற பக்கம் என்று ஒன்று, பதில் சொல்கிற பக்கம் என்று ஒன்று. ஜீவிதா பதில் சொல்கிற பக்கம். சி மொழியில் யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போன பழைய நிரல் அது. பெற்ற பிள்ளையைப் போல இவள் அதைப் பார்த்துக்கொள்கிறாள்.

நான் வேல்முருகன். பட்டுத்தறி போட்டிருக்கிறேன். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், என் தறிக்கும் அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற மேசைக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது. பகலெல்லாம் அந்தப் பக்கம் என் தறிச் சத்தம் போகும், இந்தப் பக்கம் அவள் புலம்பல் வரும். தறிச் சத்தத்துக்காக அவள் காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். அவள் புலம்பலுக்கு எனக்கு அப்படி ஒரு வசதி இல்லை. அதனால் நானும் கற்றுக்கொண்டேன்.

பதில் சொல்கிற பக்கத்துக்காகவே ஒரு லைப்ரரி இருக்கிறதாம். புத்தகம் வைக்கிற லைப்ரரி அல்ல. ஏற்கெனவே யாரோ எழுதி வைத்திருக்கும் சின்னச் சின்ன வேலைகளின் தொகுப்பு. முதலில் 'இந்த வேலைக்கு இங்கே நான் இருக்கிறேன்' என்று பதிவு செய்துகொள்ள ஒன்று. அப்புறம் 'எஸ்விசி ரன்' என்று ஒன்று. அதைக் கூப்பிட்டுவிட்டால் திரும்பியே வராது. யாராவது கூப்பிடுகிறார்களா என்று காது கொடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஒருவேளை திரும்பி வந்துவிட்டால் ஏதோ கெட்டுப்போயிற்று என்று அர்த்தம். கேட்டவர் கட்டி அனுப்பிய மூட்டையைப் பிரிக்க ஒன்று, பதிலைக் கட்டி அனுப்ப ஒன்று, பிரித்துப் போட்டதைக் கூட்டித் தள்ள ஒன்று. இந்தக் கூட்டித் தள்ளுவதை மறந்தால் கொஞ்ச நாளில் வீடு நிரம்பி மூச்சு முட்டும் என்பாள். எங்கள் பரணைக் காட்டி உதாரணமும் சொல்வாள்.

எனக்குப் பிடித்தது 'நோ ப்ராக்' என்கிற சமாசாரம். தன்னிடம் இல்லாத வேலையை யாராவது கேட்டால் சும்மா இருக்கக் கூடாது. 'அப்படி ஒரு வேலை இங்கே கிடையாது' என்று மரியாதையாகச் சொல்லி அனுப்ப வேண்டும். அதற்குத்தான் அது. காலை பதினோரு மணிக்கு நான் தறியிலிருந்து, "ஜீவிதா, ரெண்டு பஜ்ஜி போடேன்" என்று குரல் கொடுத்தால், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "நோ ப்ராக்!" என்று வரும். பஜ்ஜி வராவிட்டாலும் பதில் வந்துவிடும். அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

அப்படிப்பட்டவள்தான் போன வருஷம் ஆடி வெள்ளிக்கிழமை ஒரு பதில் சொல்லாமல் விட்டாள். அதுவும் யாருக்கு? என் அம்மாவுக்கு.

என் அம்மா காந்தாவுக்கு முட்டி வலி. நாற்காலியிலிருந்து எழுந்திருக்க என் தோளோ சுவரோ வேண்டும். மற்றபடி ஆள் கெட்டி. எங்கள் தெரு அம்மன் ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பல்லக்கில் கிளம்பி எட்டுத் தெரு சுற்றி வருவாள். எந்த வீட்டு வாசலில் தட்டோடு ஆள் நிற்கிறதோ அந்த வீட்டில் நிற்பாள். தேங்காய் பழத் தட்டைப் பூசாரி வாங்கி, பெயரைக் கேட்டு, கற்பூரம் காட்டி, உடைத்த தேங்காயும் குங்குமமும் வைத்து அதே கையில் திருப்பிக் கொடுப்பார். அது முடிந்த பிறகுதான் அடுத்த வீடு. யார் அவசரப்பட்டாலும் நடக்காது. தட்டில்லாத வாசலைப் பல்லக்கு கடந்து போய்விடும், உள்ளே எட்டிப் பார்த்துக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. ஆகவே அம்மன் எப்போது வருவாள் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து மணி என்பார்கள், இரண்டு மணியாகும்.

போன வருஷம் அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் தட்டோடு நடு அறையில் உட்கார்ந்திருந்தாள். நான் சாயப் பட்டறையில் இருந்தேன். பாதிச் சாயத்தில் பட்டை விட்டுவிட்டு வர முடியாது. "அம்மன் தெரு திரும்பினா ஒரு குரல் குடும்மா" என்று அம்மா ஜீவிதாவிடம் சொல்லியிருக்கிறாள். "சரி அத்தை, ஒரு மீட்டிங், ரெண்டு நிமிஷம்" என்று இவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ரெண்டு நிமிஷம் ஒன்றரை மணி நேரமானது. நடுவில் அம்மா, "வந்துட்டாளா ஜீவிதா?" என்று பல தடவை கேட்டிருக்கிறாள். பதில் இல்லை. பதில் இல்லையென்றால் இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு, பசி மயக்கத்தில் கொஞ்சம் கண்ணசந்துவிட்டாள். மேளம் வாசலில் கேட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் அம்மன் நாலு வீடு தள்ளிப் போய்விட்டாள்.

நான் வந்தபோது தட்டு அப்படியே இருந்தது, கற்பூரம்கூடப் பிரிக்காமல். ஜீவிதா அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம் திரும்பி, "பரவால்லன்னு சொல்லுடா" என்றாள்.

அன்று ஆரம்பித்தது எனக்கு இந்த இரண்டாவது உத்தியோகம். அம்மா எது சொன்னாலும் என்னிடம் சொல்வாள், நான் ஜீவிதாவிடம் சொல்ல வேண்டும். "ரசத்துல உப்பு தூக்கலா இருக்குதுன்னு சொல்லுடா" என்பாள், ஜீவிதா அதே அறையில் ரசக் கரண்டியோடு நின்றுகொண்டிருப்பாள். ஜீவிதாவும் என் வழியாகவே பதில் அனுப்புவாள். நடுவில் நான் இரண்டு பக்கமும் கொஞ்சம் சர்க்கரை தடவித்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா திட்டினால் பாதியைத்தான் சேர்ப்பேன். சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. ஜீவிதாவுக்குக் காய்ச்சல் என்றால் அம்மாதான் கஷாயம் வைப்பாள், வைத்து என் கையில் கொடுப்பாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டிக்கொண்டாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த வருஷம் ஆடி பிறந்ததும் ஜீவிதா என்னிடம், "இந்தத் தடவை அத்தைக்கு அம்மன் தப்பக் கூடாதுங்க. தப்புனா அவங்க என்கிட்ட எப்பவும் பேச மாட்டாங்க" என்றாள். அப்புறம் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். ஒரு சின்னப் பெட்டி. அதில் சிவப்பு எழுத்தில், அம்மன் இப்போது எந்த வீட்டில் நிற்கிறாள் என்று வரும். பெட்டி நொடிக்கு ஒரு தரம் எங்கள் வீட்டுக் கணினியைக் கூப்பிட்டு 'அம்மன் எங்கே?' என்று கேட்கும், கணினி பதில் சொல்லும். நம் வீட்டுக்கு மட்டும் வைத்தால் தெரு சும்மா இருக்காது என்பதால் அக்கம்பக்கத்தில் சிலருக்கும் செய்து கொடுத்தாள்.

கணினிக்கு யார் சொல்வது? பல்லக்குக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டி தள்ளிக்கொண்டு போகும் ஜான்சன்தான் சரியான ஆள் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவர், ஆடி வெள்ளிக்கு எங்கள் அம்மன் அவர் விளக்கில்லாமல் தெருவில் இறங்கியதில்லை. அவர் வண்டியில் ஒரு பொத்தான். ஒரு வீட்டில் தட்டு முடிந்தோ, தட்டில்லாமல் கடந்தோ பல்லக்கு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தால் ஒரு அழுத்து. அது எங்கள் கணினியைக் கூப்பிட்டு 'அடுத்த வீடு' என்று சொல்லும்; வீடுகளின் வரிசை கணினியிலேயே இருக்கிறது. அவ்வளவுதான்.

பூசாரி நமச்சிவாயம் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மனுக்கே பட்டன் வெக்கிறியாமா?" என்றார். பல்லக்கில் இல்லை, ஜெனரேட்டரில்தான் என்றதும் சமாதானமானார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. ஜான்சன் வெறும் வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்தி, பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்திவிட்டு எதிர்க்கடையில் டீ சொன்னார். எங்கள் வீட்டுப் பெட்டியில் 'முதல் வீடு' என்று வந்தது. ஜீவிதா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது வீடு என்றது. அப்புறம் மூன்றாவது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மன் ஒரு தெருவைத் தாண்டி இன்னொரு தெருவுக்குள் புகுந்து வந்துகொண்டே இருந்தாள். ஜான்சனுக்கு டீ ஆறுவதற்குள் எங்கள் வீட்டையும் கடந்து போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு வடிவாம்பாள் அக்காவுக்கு ஒத்திகை என்று சொல்ல மறந்துவிட்டோம். குளித்துவிட்டு வந்த அந்த அம்மாள் பெட்டியைப் பார்த்து, அம்மன் ஒரு நாள் முன்னாலேயே கிளம்பிவிட்டாள் என்று நினைத்து, ஈரத் தலையோடு, கையில் கிடைத்த தட்டோடு, அம்மனைத் துரத்திக்கொண்டு தெருமுனைக் கோயில்வரை ஓடியிருக்கிறாள். அங்கே டீ கிளாஸோடு ஜான்சன்.

"இன்னாமா, சாமி எங்க?" என்று அவளைக் கேட்டாராம் அவர்.

"அதைத்தான்யா நானும் தேடிக்கினு இருக்கறேன்!"

தெருவே சிரித்தது. ஜீவிதா சிரிக்கவில்லை. மேசையில் உட்கார்ந்து, "ஒரு தரம்தான் அழுத்தினாரு. எப்படிங்க ஓடும்?" என்று நிரலைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள். உள் அறையில் அம்மா பெட்டியைக் காட்டி என்னிடம், "இவ அம்மன் ஓடறாளேடா. இதுக்கு நான் போன வருஷம் மாதிரி காதையே நம்பிக்கினு உட்கார்ந்துடறேன்னு சொல்லு" என்றாள். இதை நான் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. சுவர் சன்னம், சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

வடிவாம்பாள் அக்காவைச் சமாதானப்படுத்துவது என் பொறுப்பானது. மதியம்தான் அவள் ஒரு தூக்கு நிறையக் கொழுக்கட்டை அனுப்பியிருந்தாள். அந்தத் தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போய்ப் பேசிவிட்டு வரலாம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஜீவிதா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, வெறும் தூக்கையா எடுத்துக்கினு போறீங்க? ஒரு பிடி சக்கரையாவது போட்டு எடுத்துக்கினு போங்க. குடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லன்னாலும் வெறும் ஏனத்தை யாராவது திருப்பி..."

அதோடு நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது. நான் பயந்துவிட்டேன்.

"என்னம்மா?"

"நான் வெறும் தூக்கைத் திருப்பியிருக்கேங்க" என்றாள்.

விஷயம் இதுதான். பதிலைக் கட்டி அனுப்புகிற வேலையை அவள் கையால் எழுதுவதில்லை. அதை எழுதித் தர ஒரு கருவி இருக்கிறது. இவள் எழுதும் பகுதி வேலையைச் செய்துவிட்டு, பதிலை அதன் கையில் கொடுத்தால் அது அனுப்பிவிடும். ஆனால் அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. இவள் பகுதி வெறுங்கையோடு திரும்பினால், அது பதிலே அனுப்பாது. 'அடுத்த வீடு' என்பதற்குச் சொல்ல என்ன பதில் இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆகவே இவள் ஒன்றுமில்லை என்றே திருப்பியிருக்கிறாள். பொத்தான் பக்கத்தில் என்ன ஆகும்? கூப்பிட்டோம், பதில் வரவில்லை, கேட்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி கூப்பிடும். இந்தப் பக்கம் ஒவ்வொரு தடவையும் காதில் விழுந்து, ஒவ்வொரு தடவையும் அம்மனை ஒரு வீடு தள்ளி வைக்கும். ஜான்சன் டீ குடித்துக்கொண்டிருக்க, பொத்தான் தானாகக் கெஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆபீஸில் இந்தத் தப்பு வந்ததில்லை. அங்கே எந்தக் கேள்விக்கும் போடு, நிறுத்து என்று ஏதாவது ஒரு பதில் இருக்கும். சொல்ல ஒன்றுமில்லாத வேலையை அவள் எழுதியதே இதுதான் முதல் தடவை.

ஒரு வரி மாற்றினாள். சர்க்கரைப் பிடி மாதிரி, பெயருக்கு ஒன்றை வைத்துத் திருப்பும்படி. ஜான்சனை மறுபடி அழுத்தச் சொன்னோம். பெட்டி 'முதல் வீடு' என்றது. ஜான்சன் இன்னொரு டீ குடித்தார். பெட்டி அப்போதும் 'முதல் வீடு' என்றே நின்றது. நான் சர்க்கரைத் தூக்கோடு வடிவாம்பாள் வீட்டுக்குப் போனேன்.

ஜீவிதா மட்டும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "அத்தை அன்னைக்கு எத்தனை தரம் கூப்பிட்டிருப்பாங்க இல்ல?" என்றாள் நான் திரும்பி வந்தபோது. "வந்துச்சுன்னோ வரலன்னோ, 'இருங்க அத்தை'ன்னோ, ஒரு வார்த்தை போதும் அவங்களுக்கு." எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் வீட்டில் அப்போதுதான் நடந்த பாடம் ஞாபகம் வந்து, "ஆமா" என்றேன்.

வெள்ளிக்கிழமை பெட்டி ஒழுங்காகவே நடந்துகொண்டது. அம்மா குளித்து, அரக்குப் புடவை கட்டி, தேங்காய், பழம், வெற்றிலை, எலுமிச்சை எல்லாம் வைத்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு நடு அறை நாற்காலியில் உட்கார்ந்தாள். பெட்டியை அவள் கண்ணெதிரில் வைத்தோம். நான் தறியை நிறுத்திவிட்டேன். அவளைத் தூக்கி நிறுத்துவது என் வேலை.

ஜீவிதா அன்று கணினிப் பக்கமே போகவில்லை. பெட்டியை நம்பாமல் வாசலில் போய் நின்றுகொண்டாள். ஹெட்போன் மேசையில் கிடந்தது.

எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் அம்மன் சைக்கிள் கடைக்காரர் வீட்டில் நின்றுவிட்டாள். பெண்ணுக்கு வரன் அமைந்த சந்தோஷத்தில் அங்கே அபிஷேகமே செய்யாத குறை. பெட்டி அதே வீட்டுப் பெயரைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. நேரம் போகப் போக அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போன வருஷமும் இப்படித்தானே அமைதியாக இருந்தது.

"வந்துட்டாளான்னு கேளுடா" என்றாள் என்னிடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது. "இன்னும் இல்ல அத்தை! சைக்கிள் கடை ஊட்டாண்டதான் நிக்கிறா!"

அம்மா தட்டில் வெற்றிலையைச் சரி செய்தாள். கொஞ்சம் பொறுத்து, யாரிடம் என்றில்லாமல், "வந்துட்டாளா?" என்றாள்.

"இல்ல அத்தை! இப்பதான் தேங்காய் ஒடைக்கறாங்க!"

அந்த நேரம் பார்த்து ஜீவிதாவின் போன் அடித்தது. ஆபீஸ். அவள் எடுத்து, "சார், எங்க ஊட்டுக்கு அம்மன் வந்துக்கினு இருக்குது. ரெண்டு நிமிஷம் சார், நானே கூப்பிடறேன்" என்று சொல்லி அணைத்துவிட்டாள். நடு அறையில் அம்மாவுக்கு அது நன்றாகவே கேட்டது. அவள் முகத்தில் ஏதோ இளகியதை நான் பார்த்தேன்.

பெட்டி அவள் எதிரில்தான் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவளும் இல்லை. 'சைக்கிள் கடை' என்று கொட்டை எழுத்தில் எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே, என் அம்மா வாசலைப் பார்த்துக் கேட்டாள்.

"ஜீவிதா, வந்துட்டாளா?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் வாயில் அந்தப் பெயர். வாசலிலிருந்து தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி பதில் வந்தது. "கிளம்பிட்டா அத்தை! நம்ம ஊட்டுக்குத்தான் வர்றா! எழுந்திருங்க!"

நான் கைகொடுத்தேன். அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "நீ இருடா" என்றாள். ஓடி வந்த ஜீவிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவள் தோளிலேயே சாய்ந்து வாசலுக்கு நடந்தாள்.

பல்லக்கு எங்கள் வாசலில் இறங்கியது. பின்னால் வண்டியிலிருந்து ஜான்சன் பொத்தானைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். பூசாரி நமச்சிவாயம் தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்குமா?" என்று கேட்டார்.

"ஜீவிதா. பூரட்டாதி" என்றாள் அம்மா.

ஜீவிதா திரும்பிப் பார்த்தாள். நானும்தான். அம்மா எங்களைப் பார்க்காமல் அம்மனையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "போன வருஷமும் இதே பேருக்குத்தான் எடுத்து வெச்சேன். பழைய புரோகிராம் வேணாம்னு சொல்றாங்க, ஆளுங்களையும் வேலைய விட்டு எடுத்துடப்போறாங்கன்னு அப்ப அழுதுக்கினு இருந்தியே. உனக்காகத் தட்டு வெச்சிக்கினு உட்கார்ந்தா, நீயே குரல் குடுக்கல. கோவம் வராதா?"

போன வருஷம் அந்த ஒன்றரை மணி நேர மீட்டிங் எதற்கு என்று எனக்குத் தெரியும். அந்தப் பழைய நிரலைத் தூக்கிப் போடக் கூடாது என்று ஜீவிதா அன்று ஒற்றை ஆளாக வாதாடி ஜெயித்தாள். வாசலில் அம்மன் போய்க்கொண்டிருந்த அதே நேரத்தில். ஆக, தட்டு போகாமலே வேண்டுதல் நிறைவேறியிருக்கிறது. இதைச் சொல்லலாம் என்று திரும்பினால், ஜீவிதா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். அம்மா, "அரக்குப் புடவைடி, மை ஒட்டிக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

தட்டு திரும்பி வந்தது. உடைத்த தேங்காய், குங்குமம், ஒரு செவ்வரளி. அம்மா குங்குமத்தை எடுத்து முதலில் ஜீவிதா நெற்றியில் வைத்தாள். தெருக்கோடியில் அம்மன் திரும்பும் வரை இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.

அன்றோடு நடுவில் நின்று சேதி சொல்கிற என் உத்தியோகம் போய்விட்டது. இப்போது உப்பு, புளி, ஊர்வம்பு எல்லாம் நேரடிப் போக்குவரத்து. என் வழியாகப் போனால்தான் பாதி குறைந்து போகும், இப்போது முழுசாகப் போகிறது. நாள் முழுக்க அந்தப் பக்கம் கலகலவென்று இருக்கிறது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால் சொல்வதில்லை.

போன வாரம் காலை பதினோரு மணிக்குத் தறியில் உட்கார்ந்திருந்தேன். நல்ல மழைக் குளிர். பழக்க தோஷத்தில் சுவரைப் பார்த்து, "ஜீவிதா, ரெண்டு பஜ்ஜி போடேன்" என்று குரல் கொடுத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. அம்மாவின் குரலில்.

"நோ ப்ராக்குடா!"